பேக்கப் நேரம் தெரியாத வேலை: கடலூரில் குடும்பம், தொலைக்காட்சித் தயாரிப்பில் புதுத் தொழில் – ஒரு முழுமையான வழிகாட்டி

என் கணவருக்கு நெய்வேலியில் ஷிப்டு வேலை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுச் சமையல், தூக்கம், கோயில், விசேஷம் எல்லாமே அந்த ஷிப்டு அட்டவணையைப் பார்த்துத்தான் நடக்கின்றன. அதனால், 34 வயதில் ஜவுளிக்கடைக் கணக்கு வேலையை விட்டுத் தொலைக்காட்சி நிகழ்ச்சித் தயாரிப்புக்குப் போகிறேன் என்று நான் சொன்னபோது, "ஷிப்டு வேலைதானே, நமக்கு என்ன புதிதா?" என்றார் அத்தை, என் மாமியார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். முதல் மாதத்திலேயே வித்தியாசம் புரிந்துவிட்டது. சுரங்கத்தில் ஷிப்டு முடியும் நேரம் எழுதியிருக்கும். படப்பிடிப்பில் தொடங்கும் நேரம் மட்டும்தான் எழுதியிருக்கும்; 'பேக்கப்' என்று சொல்லி அன்றைய வேலையை முடிக்கும் நேரம் இருக்காது.

நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. கடலூர், புதுச்சேரி, பண்ருட்டி, சிதம்பரம் பக்கத்திலிருந்து இந்தத் தொழிலுக்கு வர விரும்புகிறவர்கள், அதிலும் குழந்தைகள் உள்ளவர்கள், என்னிடம் கேட்பது ஒன்றுதான்: வீட்டையும் இதையும் எப்படிச் சேர்த்து நடத்துகிறீர்கள்? விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்திருங்கள், வேகமாகச் சமையுங்கள் என்கிற வகை யோசனைகளை நான் சொல்ல மாட்டேன். அவை எனக்கு ஒரு வாரம்கூட உதவவில்லை. எப்போது திரும்புவோம் என்றே தெரியாத ஒரு நாளை வீடு தாங்க வேண்டும். அதற்கு வீட்டை முன்கூட்டியே ஆயத்தப்படுத்துவதுதான் முழு வேலையும். கீழே உள்ள படிகள் அனைத்தும் அதைச் சுற்றியே வருகின்றன.

படி 1: எந்த வேலை என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

'டிவியில் வேலை' என்று ஒரே வேலை கிடையாது. ஒவ்வொரு பிரிவுக்கும் நாள் முடிகிற விதம் வேறு. சம்பளத்தையும் பெயரையும் பார்ப்பதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.

தளத்து வேலை என்றால் உதவி இயக்குநர், புரொடக்‌ஷன் மேனேஜர், கேமரா, லைட், ஒலி, ஆடை, மேக்கப். பொதுவாகக் காலை 9 முதல் மாலை 6 வரை ஒரு கால்ஷீட், அதாவது ஒரு வேலைநாள். இரவு 9, 10 என்று நீண்டால் ஒன்றரைக் கால்ஷீட்டாகக் கணக்கிடுவார்கள். மேக்கப், ஆடை, புரொடக்‌ஷன் ஆட்கள் எல்லோருக்கும் முன்னால் வந்து எல்லோருக்கும் பின்னால் போகிறவர்கள்.

தளத்திலும் தினசரித் தொடர் ஒரு தனி உலகம். கேபிள் டிவி விதிகளின்படி ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 12 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஆக, அரைமணி நேரத் தொடருக்கு 22 முதல் 24 நிமிடம் வரை ஓடும் கதை தேவை. வாரத்தில் ஐந்தாறு நாள் ஒளிபரப்பு என்றால், அந்த ஐந்தாறு எபிசோடையும் வாராவாரம் எடுத்தே தீர வேண்டும். எடுத்து முடித்துக் கையிருப்பில் உள்ள எபிசோடுகளைத் தளத்தில் 'பேங்க்' என்பார்கள். பேங்க் பத்து எபிசோடு இருந்தால் இயக்குநர் சிரித்த முகத்தோடு ஏழு மணிக்குப் பேக்கப் சொல்வார். இரண்டாகக் குறைந்துவிட்டால் யாருக்கும் விடுப்பு கிடையாது, முடியும் நேரமும் கிடையாது. எனவே வேலைக்குப் பேசப் போகும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இப்போது எத்தனை எபிசோடு பேங்க் இருக்கிறது?" என்பதுதான். இதைக் கேட்டால் தொழில் தெரிந்தவர் என்று மதிப்பார்கள். உங்கள் அடுத்த மூன்று மாதம் எப்படி இருக்கும் என்பதும் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

சமையல், விளையாட்டு, பேட்டி, பட்டிமன்றம் போன்ற நான்-ஃபிக்‌ஷன் நிகழ்ச்சிகளைத் தொகுப்பாக எடுப்பார்கள். ஒரு நாளில் இரண்டு மூன்று எபிசோடு, தொடர்ந்து நான்கைந்து நாள், பிறகு இடைவெளி. வெளியூர்க்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை. செய்திப் பிரிவில் ஷிப்டு உண்டு, நேரத்துக்கு ஆள் மாறுவார்கள். ஆனால் புயலோ தேர்தலோ வந்தால் அந்தக் கணக்கு கலைந்துவிடும். படத்தொகுப்பு, கிராபிக்ஸ், சப்டைட்டில் வேலைகளில் ஒப்படைக்கும் நேரம் திட்டவட்டமாக இருக்கும். இரவில் கண் விழிக்க வேண்டி வந்தாலும், அந்த இரவு எந்த இரவு என்று முன்பே தெரியும். ஆய்வு, கேள்வித் தயாரிப்பு, விருந்தினர்களைப் பேசி வரவழைப்பது ஆகியவற்றில் பெரும்பகுதியைத் தொலைபேசி இருந்தால் கடலூர் மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்தே செய்யலாம்.

பள்ளிக்குப் போகும் பிள்ளை உள்ளவர் தினசரித் தொடரின் தளத்தில் தொடங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நான் அங்கேதான் தொடங்கினேன். ஏழு மாதத்தில் வெளியே வந்தேன்.

இன்னொன்று, பழைய தொழிலைத் தூக்கி எறியாதீர்கள். அதுதான் உங்களுக்கு வாசல் திறக்கும். எனக்குத் திறந்தது வவுச்சரும் பில்லும். புரொடக்‌ஷன் கணக்கை ஒழுங்காக எழுதுகிறவருக்குப் பஞ்சம் இருக்கிறது. தையல் தெரிந்தவர் ஆடைப் பிரிவுக்கும், எலக்ட்ரீஷியன் லைட் பிரிவுக்கும், தமிழாசிரியர் வசனப் பிழை பார்க்கவும், செவிலியர் மருத்துவ நிகழ்ச்சியின் ஆய்வுக்கும் வரலாம். ஒன்றும் தெரியாதவராக வந்து நிற்பதைவிட, ஒன்றை நன்றாகத் தெரிந்தவராக வந்து நிற்பது நல்லது.

படி 2: இருக்கும் வேலையை விடாமல் மூன்று மாதம் ஒத்திகை

பன்னிரண்டு சனிக்கிழமைகளை ஒதுக்குங்கள். கையில் இருக்கும் கைபேசியே போதும். கேமரா வாங்கக் கடன் வாங்காதீர்கள். தேவைப்படும் நாளில் வாடகைக்குக் கிடைக்கும்.

ஒவ்வொரு முறையும் மூன்று நிமிடக் கதை ஒன்றை எடுத்து, வெட்டி, ஒலி சேர்த்து முடிக்க வேண்டும். நம் ஊரில் பொருளுக்குக் குறைவில்லை. கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்கால ஏலம். பண்ருட்டியில் பலாப்பழ மண்டி. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்காக வந்து நிற்கும் சுவாமிகள். முதலில் திட்டமிடக் கற்றுக்கொள்வீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகா. அது தெரியாமல் மே மாதத்தில் ஏலக் காட்சி எடுக்கத் தேதி குறித்தால் வெறும் தளத்தைத்தான் எடுத்து வருவீர்கள். தயாரிப்பு வேலையின் பாதி, இப்படிப்பட்ட ஒரு விஷயத்தை ஒரு வாரம் முன்னதாகவே தெரிந்துவைத்திருப்பதுதான்.

தொழில்நுட்பத்தில் ஆரம்பத்துக்குத் தேவையானது கொஞ்சமே. வினாடிக்கு 25 பிரேம், ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு வினாடி என்று வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், இந்த அளவில் டியூப் லைட் வெளிச்சம் திரையில் துடிக்காது. வெள்ளை நிறம் வெள்ளையாகவே தெரிவதற்கான வெள்ளைச் சமநிலை வெயிலுக்கு 5600 கெல்வின், பழைய மஞ்சள் பல்புக்கு 3200. ஒலிப்பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், உச்சம் மைனஸ் 12 டெசிபெல் பக்கத்தில். சட்டையில் குத்தும் மைக், வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். சில்வர் பீச்சில் காற்றுக்கு மைக்கின் மேல் பஞ்சு உறை இல்லாமல் எதையும் பதிவு செய்யாதீர்கள். இருவர் பேசும் காட்சியில், ஒருவரிலிருந்து மற்றவருக்கு ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, கேமரா அந்தக் கோட்டின் ஒரே பக்கம் நிற்கட்டும். படம் சுமாராக இருந்தால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு கேட்கவில்லை என்றால் சேனலை மாற்றிவிடுவார்கள்.

ஆனால் இந்த ஒத்திகை கேமராவுக்கானது மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். வீட்டுக்கும் இதுதான் ஒத்திகை. காலையில் புறப்படும்போது "எப்போது வருவேன் என்று தெரியாது" என்று சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். மூன்று மணிக்கே வேலை முடிந்தாலும் சில வாரம் இரவு ஒன்பதுக்குத்தான் திரும்புங்கள். பால் வாங்கியது யார், பிள்ளை எதைச் சாப்பிட்டது, யார் எரிச்சலானார்கள், எந்த வேலை அப்படியே கிடந்தது என்று மறுநாள் உட்கார்ந்து எழுதுங்கள். என் மூன்றாவது சனிக்கிழமையில்தான், கேஸ் புக் செய்வதும் டியூஷன் கட்டணம் கட்டுவதும் என் தலைக்குள் மட்டுமே இருக்கும் வேலைகள் என்பது தெரிந்தது. வேறு யாருக்கும் அந்தத் தேதியும் தெரியாது, எண்ணும் தெரியாது.

முறையான படிப்பு வேண்டுமென்றால், காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் மின்னணு ஊடகத் துறை இருக்கிறது, சென்னைத் தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரிலான அரசுத் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. இளைஞர்களுக்கு நான் அவற்றைத்தான் சொல்வேன். குடும்பம் நடத்துகிறவருக்கு முழுநேரப் படிப்பு எளிதல்ல. ஒத்திகையும் ஒரு நல்ல நிகழ்ச்சியில் கடைநிலை வேலையும் அவருக்குப் போதுமான பள்ளி.

படி 3: பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள்

இந்தத் தொழிலில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, நாள் கணக்குத்தான். அந்தப் பணமும் வேலை முடிந்த அன்றே கைக்கு வராது. சேனல் தயாரிப்பு நிறுவனத்துக்குக் கொடுத்து, அது உங்களுக்குக் கொடுப்பதற்குள் இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். என் முதல் வேலைக்கான பணம் நான்கு மாதம் கழித்து வந்தது, அதுவும் பதினோரு முறை கேட்ட பிறகு. அந்த நான்கு மாதமும் வீட்டில் சண்டை வராததற்குக் காரணம், ஆறு மாதச் செலவுக்கான பணத்தை நாங்கள் ஏற்கெனவே தனியாக எடுத்து வைத்திருந்ததுதான். ஏலச்சீட்டு எடுத்த பணம், பழைய வேலையின் போனஸ், வேறொன்றும் இல்லை. ஆறு மாதப் பணம் சேராமல் வேலையை விடாதீர்கள். நகையை அடகு வைத்து இந்தத் தொழிலில் நுழைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த வாய்ப்பைத் தேடிப்போகும் தைரியம் அவர்களுக்கு வருவதே இல்லை, கிடைத்த இடத்தில் என்ன சொன்னாலும் தலையாட்ட வேண்டியிருக்கிறது.

வேலையை விடும் முன் இரண்டைக் கவனியுங்கள். பழைய வேலையில் இஎஸ்ஐ இருந்தால், வேலையை விட்ட பிறகு அந்தப் பாதுகாப்பு நிலைக்காது. அதற்கு முன்பே குடும்பத்துக்கு ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள். பிஎஃப் பணத்தைத் தொடாதீர்கள்.

புது வேலை பேசும்போது வாய்வார்த்தை போதாது. ஒரு நாளுக்கு எவ்வளவு, பேட்டா என்கிற அன்றாடப் படி எவ்வளவு, வெளியூர் என்றால் தங்கும் செலவு யாருடையது, எத்தனை மணிக்கு மேல் கூடுதல் பணம், படப்பிடிப்பு ரத்தானால் என்ன, பணம் எத்தனை நாளில் வரும் என்பவற்றை ஒரு குறுஞ்செய்தியாகவாவது அனுப்பி, "சரி" என்ற பதிலை வாங்கிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்துக்கொள்கிற இடத்தில் வேலை செய்ய வேண்டாம். வரி பிடித்துக்கொண்டு கொடுத்தால், அந்த வரி உங்கள் பான் எண்ணில் பதிவாகியிருக்கிறதா என்று வருமான வரி இணையதளத்தில் பாருங்கள். கணக்குத் தாக்கல் செய்தால் சிறு வருமானக்காரர்கள் பலருக்கு அது திரும்ப வரும். தாக்கல் செய்யாமலே விட்டுவிடுகிறவர்களைப் பார்க்கும்போது ஒரு கணக்கராக எனக்கு மனசு கேட்பதில்லை.

படி 4: வீட்டுக்கும் ஒரு கால்ஷீட் எழுதுங்கள்

இதுதான் எங்களைக் காப்பாற்றியது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யார், எங்கே, எத்தனை மணிக்கு என்று படப்பிடிப்புக்கு எழுதுவது போல, ஒவ்வொரு ஞாயிறு இரவும் வீட்டுக்கு ஒரு முழுத்தாள் எடுத்துக் கட்டம் போடுகிறேன். நாள், புறப்படும் நேரம், இடம். அதற்குப் பிறகு இரண்டு கட்டங்கள்: 'எதிர்பார்க்கும் நேரம்', 'கடைசி நேரம்'. ஏழு மணிக்குத் திரும்பலாம் என்று நினைக்கிறேன், பதினொன்றைத் தாண்டாது என்று உறுதியாகச் சொல்கிறேன் என்பது இதன் பொருள். முதலில் ஒரே ஒரு நேரம்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஏழு மணி என்று எழுதி ஒன்பதுக்கு வந்தால், அந்த இரண்டு மணி நேரமும் என் மகள் வாசலைப் பார்த்தபடி இருந்திருப்பாள். "நேரம் தெரிந்தால் காத்திருப்பேன், தெரியாவிட்டால் கவலைப்படத்தான் முடியும்" என்று கணவர் ஒரு நாள் சொன்னார். அன்றைக்குத்தான் இரண்டாவது கட்டம் பிறந்தது. வீட்டில் எல்லா ஏற்பாடும் 'கடைசி நேரம்' கட்டத்தை வைத்தே நடக்கும். முன்னதாக வந்துவிட்டால் அது அன்றைய சந்தோஷம்.

அடுத்து 'பொறுப்பு', 'மாற்றுப் பொறுப்பு' என்று இரண்டு பெயர்கள். மாற்றுப் பெயர் இல்லாத நாளில் நான் கால்ஷீட் கொடுப்பதில்லை. இந்த விதி எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். ஒரு நாள் கணவருக்கு இரவு ஷிப்டு, எனக்குப் படப்பிடிப்பு, மகளுக்குக் காய்ச்சல். அத்தை ஒருவராக அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ தேடித் தெருமுனை வரை நடந்திருக்கிறார். டேக், அதாவது காட்சிப் பதிவு, போய்க்கொண்டிருந்ததால் என் கைபேசி அணைந்து ஒரு பைக்குள் கிடந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தை நான் மறக்கப் போவதில்லை. மறுநாளே மூன்று ஏற்பாடு செய்தேன். தளத்தில் எப்போதும் பேசக்கூடிய ஒருவரின் எண், பெரும்பாலும் புரொடக்‌ஷன் மேனேஜருடையது, தாளின் தலையிலேயே இருக்கும். அந்த எண்ணுக்கு அவசரத்துக்கு மட்டுமே அழைப்பார்கள் என்று இரு பக்கமும் பேசி வைத்தேன். எதிர்வீட்டு அக்காவின் பெயர், அவர் சம்மதத்தோடு, மாற்றுப் பொறுப்புக் கட்டத்தில் ஏறியது. பள்ளியில் என் மகளை அழைத்துப்போக உரிமையுள்ள நான்கு பேரின் பெயரையும் புகைப்படத்தையும் எழுத்தில் கொடுத்தேன்.

தாளின் அடிப்பக்கம் வாரக் கணக்கு. மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்பதால்தான் மறந்துபோகும், அதன் தேதியைச் சிவப்பில் எழுதுங்கள். ரேஷன், கேஸ், பள்ளிக் கட்டணம், அத்தையின் மாத்திரை தீரும் நாள். என்ன குழம்பு என்பதை மட்டும் எழுதுவதில்லை. அது சமைப்பவரின் உரிமை.

அத்தையைப் பற்றி ஒரு சொல். மாமியாரோ அம்மாவோ வீட்டில் இருந்தால் 'பார்த்துக்கொள்வார்கள்' என்று எல்லோரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அறுபதைத் தாண்டியவரின் முதுகின் மேல் நம் புதுத் தொழிலைக் கட்டுவது நியாயமல்ல. என் முதல் பணத்தில் பாத்திரம் துலக்க ஆள் வைத்தேன். வியாழக்கிழமை அத்தைக்கு முழு ஓய்வு. அன்று பாடலீசுவரர் கோயிலுக்குப் போவார், தங்கை வீட்டுக்குப் போவார், எங்கும் போகாமல் படுத்தும் இருப்பார். அந்த நாளில் நானோ கணவரோ வீட்டில் இருந்தாக வேண்டும், தாளில் அது அசையாத கட்டம்.

எல்லாவற்றையும் காப்பாற்றிவிட முடியாது, அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கல்யாணங்களுக்கு மொய் போகும், நான் போகமாட்டேன். சிலருக்கு இன்னும் வருத்தம் உண்டு. ஆனால் ஆண்டில் மூன்று நாட்களை யாருக்கும் கொடுப்பதில்லை. மகளின் பள்ளி ஆண்டு விழா, அத்தையின் கண் பரிசோதனை, ஒரு குடும்ப நாள். ஷெட்யூல் போடுவதற்கு முன்பே இந்தத் தேதிகளைச் சொல்லிவிடுவேன். போட்ட பிறகு விடுப்புக் கேட்பவரைத் தளம் வெறுக்கும். முன்பே தேதி சொல்பவருக்கு இடம் விட்டுத்தான் ஷெட்யூல் எழுதுவார்கள்.

படி 5: பயணம்

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டு 15-இல் தொடங்கியது, தனியார் சேனல்கள் 1990-களில் வந்தன. தளங்களும் எடிட்டிங் அறைகளும் சென்னையைச் சுற்றித்தான் வளர்ந்தன. புதுச்சேரியில் தூர்தர்ஷன் நிலையம் உண்டு, உள்ளூர் கேபிள் சேனல்கள் உண்டு. அங்கே கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை, கடலூரிலிருந்து இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். மற்றபடி சென்னைக்குப் போகத்தான் வேண்டும். சுமார் 180 கிலோமீட்டர், பஸ்ஸில் நான்கு, ஐந்து மணி நேரம். தினமும் போய்வருவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

நான்கு நாள் அங்கே, மூன்று நாள் இங்கே என்று பிரிப்பதுதான் எனக்கு ஒத்துவந்தது. சாலிகிராமம், விருகம்பாக்கம், வளசரவாக்கம் பக்கத்தில் இரண்டு மூன்று பெண்களாகச் சேர்ந்து அறை எடுத்தால் தளத்துக்கும் எடிட்டிங் அறைக்கும் அருகிலேயே இருக்கலாம். இரவு பத்துக்கு மேல் பேக்கப் ஆனால் அன்றே ஊருக்குப் புறப்படக் கூடாது. தூங்கிவிட்டுக் காலையில் புறப்படுங்கள். 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, பஸ் எங்கிருந்து கிளம்புகிறது என்பதை டிக்கெட் எடுக்கும்போதே பார்க்க வேண்டியிருக்கிறது. சாலிகிராமத்திலிருந்து அங்கே போய்ச் சேரவே ஒரு மணி நேரம் ஆகிவிடும். இரவு ரயில் என்றால் உழவன் இருக்கிறது. ஆனால் கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில் நடு இரவு தாண்டி இறங்க வேண்டும். அங்கிருந்து யார் அழைத்துப்போக வருவார் என்பதும் அந்த ஞாயிற்றுக்கிழமைத் தாளில் இருக்க வேண்டும்.

படி 6: தளத்தில் முதல் வாரங்கள்

அழைத்த நேரத்துக்குக் கால் மணி முன்னால் நில்லுங்கள். ஒரு சின்னப் பையில் நோட்டு, பேனா, மார்க்கர், ஒட்டும் டேப், ஊக்கு, டார்ச், சார்ஜர், தலைவலி மாத்திரை, உப்புச்சர்க்கரைப் பொட்டலம். மற்றவர் தேடும் பொருள் உங்கள் பையில் இருந்தால் இரண்டே நாளில் உங்கள் பெயர் எல்லோருக்கும் தெரிந்துவிடும். லைட்மேன், செட் உதவியாளர், தேநீர் தரும் புரொடக்‌ஷன் அண்ணன் எல்லோருடைய பெயரையும் நீங்களும் முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நாள் எப்போது முடியும் என்பதை இயக்குநருக்கு முன்பே அவர்கள் அறிவார்கள். "அண்ணா, இன்று எத்தனை மணிக்கு?" என்று லைட் அண்ணனிடம் கேட்டால் சரியான பதில் வரும். ஐந்து மணிக்குக் கேட்டு வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுவது என் வழக்கம்.

எழுதும் பழக்கம்தான் உங்களை உயர்த்தும். எந்தக் காட்சி, எந்த டேக் சரி, நடிகரின் கையில் எந்த வளையல், டம்ளரில் எவ்வளவு தண்ணீர். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் ஒரு புகைப்படம். நாளை மறுநாள் அதே காட்சியின் மீதியை எடுக்கும்போது இயக்குநர் உங்களைத்தான் தேடுவார்.

தரவைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வினாடிக்கு 100 மெகாபிட் வீதத்தில் பதிவாகும் கேமரா ஒரு மணி நேரத்தில் 45 ஜிபி நிரப்பும். மூன்று கேமரா, ஆறு மணி நேரம் என்றால் 810 ஜிபி. இதை இறக்க எத்தனை மணி ஆகும், எத்தனை டிஸ்க் தேவை என்று காலையிலேயே கணக்குப் போட வேண்டும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, அவற்றில் ஒன்று வேறு இடத்தில். பிரதி எடுத்த கோப்பைத் திறந்து ஓட்டிப் பார்க்காமல் கேமராவின் மெமரி கார்டை அழிக்கவே கூடாது. எங்கள் குழுவில் ஒரு முறை பார்க்காமல் அழித்துவிட்டோம். ஒரு மூதாட்டி தன் கைப்பட ஆப்பம் சுட்டுக் காட்டிய நாற்பது நிமிடம் போயிற்று. மறுபடி அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டபோது, மறுப்பே சொல்லாமல் மாவு அரைத்தார். அவருக்கு முன்னால் நின்றபோது எனக்குப் பேச வாய் வரவில்லை.

படி 7: உள்ளூர்க்காரராக இருப்பதே உங்கள் பலம்

சென்னையிலிருந்து வரும் குழுவுக்கு நம் பகுதி ஒரு புதிர். அந்தப் புதிரை அவிழ்க்கும் ஆளாகிவிட்டால், ஊரிலேயே வேலை கிடைக்கும் நாட்கள் கூடும். முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி, அது வேறு அரசு. எல்லைக்கு இந்தப் பக்கம் வாங்கிய அனுமதி அந்தப் பக்கம் செல்லாது. வாடகை வண்டிக்கு எல்லை தாண்டப் பெர்மிட் இருக்கிறதா என்று முந்தின நாளே டிரைவரிடம் கேட்க வேண்டும். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வாகனம் போகக் கூடாது. சூரியோதயக் காட்சிக்கு யூனிட் வண்டியைக் கடலோரம் நிறுத்திக்கொள்ளலாம் என்று வரும் குழுவுக்கு இதைச் சொல்ல ஒருவர் வேண்டும். டிரோன் பறக்கவிட வேண்டுமென்றால் 2021 டிரோன் விதிகளின்படி அந்த இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும்.

மழையை மறக்காதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் நம்மை என்ன செய்தது என்பது பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகி வந்து கடலூரின் பல பகுதிகளைச் சூழ்ந்தது. அந்த வாரத்துக்கு நாங்கள் ஒரு வெளிப்புறப் படப்பிடிப்பு வைத்திருந்தோம். நான்கு நாள் முன்னதாகவே ரத்து செய்யச் சொன்னேன். "மழைதானே" என்றார்கள். கடைசியில் தேதி மாற்றியதால் குழு தப்பியது, எனக்கு வீட்டில் இருந்து சாமான்களை மேலே ஏற்றி வைக்க நேரம் கிடைத்தது. நவம்பரில் வெளிப்புறத் தேதி குறித்தால், கூடவே கூரைக்குக் கீழே எடுக்கக்கூடிய ஒரு காட்சியையும் குறித்து வையுங்கள்.

படி 8: உடம்பும் பாதுகாப்பும்

தளத்தில் வரும் ஆறேழு தேநீரில் பாதியை மறுத்துவிடுங்கள். தண்ணீர் குடியுங்கள். பெண்கள் கழிப்பறை இல்லை என்பதற்காகத் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள், எனக்கு அதனால் சிறுநீர்த் தொற்று வந்தது. லொகேஷன் பார்க்கும்போதே கழிப்பறை எங்கே என்று கேளுங்கள். புரொடக்‌ஷன் பிரிவில் நீங்கள் இருந்தால், அதை ஏற்பாடு செய்வது உங்கள் கடமை.

பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் 2013-இல் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் புகார்க் குழு இருந்தாக வேண்டும், சிறிய இடங்களுக்கு மாவட்ட அளவில் ஒரு குழு உண்டு. நாள் கூலிக்கு வந்தவருக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். சேரும்போதே அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு வையுங்கள்.

படி 9: ஓராண்டு முடிந்ததும் தாள்களை எடுத்துப் பாருங்கள்

ஞாயிறு இரவு எழுதும் தாள்களை நான் தூக்கிப் போடுவதில்லை. உண்மையில் வந்து சேர்ந்த நேரத்தையும் அதில் குறித்துவிடுவேன். ஓராண்டு முடிந்ததும் அவற்றைப் பரப்பிவைத்து எண்ணுங்கள். 'எதிர்பார்க்கும் நேரம்' தவறியதைப் பற்றிக் கவலை வேண்டாம். 'கடைசி நேரம்' எத்தனை முறை தவறியது என்பதுதான் கணக்கு. என் முதல் ஏழு மாதத்தில் வாரத்துக்கு இரண்டு முறையாவது தவறியிருந்தது. சமையல் நிகழ்ச்சிக்கு மாறிய பிறகு ஓராண்டில் நான்கே முறை. தொழிலை விடலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்தபோது இந்தத் தாள்களைத்தான் மேசையில் வைத்தோம். விட வேண்டியது அந்த வகை நிகழ்ச்சியைத்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. உங்கள் தாள்கள் வேறு பதில் சொல்லலாம். படத்தொகுப்புக்கு மாறச் சொல்லலாம், இன்னும் ஓராண்டு பழைய வேலையிலேயே இருந்து பணம் சேர்க்கச் சொல்லலாம்.

இந்த வாரத் தாள் எழுதியாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை விடியற்காலை 4 மணிக்குப் புறப்பாடு, பிச்சாவரம், எதிர்பார்க்கும் நேரம் மாலை 5, கடைசி நேரம் இரவு 9. படகோட்டிகளிடம் பேசிவிட்டேன். அன்று மகளுக்குக் கணக்குத் தேர்வு. கணவருக்கு இரவு ஷிப்டு என்பதால் காலையில் பள்ளியில் விடுவது எதிர்வீட்டு அக்கா, மாலையில் அழைத்துவருவது கணவர். புதன் முழுவதும் நான் வீட்டில்.